மெத்தைக்கு அடியில் தெர்மோகோல் வேண்டாம்

பங்குனி பிறந்தால் போதும், பழைய மெத்தை வீட்டுக்காரருக்கு யோசனை சொல்ல ஊரே கூடிவிடுகிறது. "கட்டைக்கு அடியில தெர்மோகோல் வெச்சு, அதுக்குக் கீழ பி.வி.சி. சீலிங் அடிச்சிடுங்கண்ணா. சூடு இறங்கவே இறங்காது. ஆள்கூட வேணாம், நீங்களே ஞாயித்துக்கிழமை உக்காந்து முடிச்சிடலாம்" என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். மேஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போகிறார்: "இந்தக் கட்டையில பணத்தக் கொட்டாதீங்க. இடிச்சிட்டு கான்கிரீட் போடுங்க." மகனும் மருமகளும் முதல் யோசனைக்கு ஓட்டுப் போடுகிறார்கள், செலவு குறைவு, பார்க்கவும் புதுசாக இருக்கும். பெரியவர் வாயைத் திறப்பதில்லை. அடுத்த வாரமே அறைக்குள் வெள்ளைப் பட்டைகள் வந்து இறங்கிவிடுகின்றன.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் மெத்தை வீடு என்றால் தளம் போட்ட வீடு. அதில் பழையவை பல, கான்கிரீட் வருவதற்கு முன் கட்டை வைத்துக் கட்டியவை. அந்த வீடுகளுக்குத்தான் இந்த யோசனை கிடைக்கிறது. இரண்டு யோசனையும் தவறு என்பது என் வாதம். வெயிலை நிறுத்த வேண்டிய இடம் மெத்தையின் மேல்பக்கம். கட்டையின் அடிப்பக்கம் காற்றுக்கும் கண்ணுக்கும் திறந்தே கிடக்க வேண்டும். 'நீயே செய்' என்பதில் எனக்குச் சண்டையில்லை. 'எதைச் செய்வது' என்பதில்தான் சண்டை.

முதலில் அந்த மெத்தை எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். சுவருக்குச் சுவர் உத்தரம். அதன்மேல் ஒன்று, ஒன்றரை அடி இடைவெளியில் தேக்கோ, வேங்கையோ, வைரம் பாய்ந்த பனையோ, கட்டைகள். கட்டைகளின் மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. மொத்தம் ஏழெட்டு அங்குல கனம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் பெயர் சொல்லும் கட்டுமானம் இதுதான். கீழிருந்து பார்ப்பவருக்குக் கூரை. மேலே வடகம் காய வைப்பவருக்கு இதுவே தரை. இரண்டு வேலையையும் கட்டைகள்தான் தாங்குகின்றன.

இப்போது வெயில். தெளிந்த வானத்தில் உச்சி நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஏறத்தாழ 1,000 வாட். நம் மேஸ்திரிகள் கணக்குப் போடும் ஒரு சதுரத்தில், அதாவது 100 சதுர அடியில், ஒன்பது 1,000 வாட் ஹீட்டர்களை ஒன்றாகப் போட்ட மாதிரி. பாசி படிந்து கறுத்த தளம் இதில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை உடனே கீழே தள்ளுவதில்லை. ஏழெட்டு அங்குல கனம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, நாம் பாய் விரிக்கும் நேரம் பார்த்து இறக்குகிறது. பகலில் குளுகுளுவென்று இருந்த கூடம் இரவு ஒன்பது மணிக்குப் புழுங்குவதற்குக் காரணம் கட்டையல்ல, கறுத்துப்போன மேல்தளம்.

தெர்மோகோல்காரர் வாதத்தை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். தெர்மோகோல் சூட்டைத் தடுக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். வெப்பத்தைக் கடத்தும் திறனை ஒரே அளவுகோலில் வைத்தால் கம்பி கான்கிரீட்டுக்கு 1.6 அளவில், சுண்ணாம்பு ஜல்லிக் கலவைக்கு 0.7 அளவில், தெர்மோகோலுக்கு 0.035 அளவில் வருகிறது. இரண்டு அங்குலப் பட்டையை அடித்த அன்றே வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்காரரும் வாங்குகிறார்.

ஆனால் சூடு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கீழே இறங்கும் வழியை மட்டும் அடைத்திருக்கிறோம். வெயிலை ஏழெட்டு அங்குலம் உள்ளே விட்டு, கட்டையையும் செங்கல்லையும் சுட வைத்து, அதற்குப் பிறகு வழிமறிக்கிறோம். முன்பெல்லாம் இரவில் கீழ்ப்பக்கமாகவும் ஆறிய மெத்தை, இனி மேல்பக்கமாக மட்டுமே ஆற வேண்டும். கட்டை முன்பைவிட அதிகச் சூட்டில், அதிக நேரம் கிடக்கிறது. அதே தளத்துக்கு மேலே வெள்ளையடித்தால், உள்ளே போவதே மூன்றில் இரண்டு பங்கிலிருந்து கால் பங்குக்கு இறங்கும். கட்டையும் சுடாது, அறையும் சுடாது. வாசலிலேயே நிறுத்த முடிந்தவரை நடுக்கூடம் வரை வரவிட்டுத் தடுப்பது என்ன கெட்டிக்காரத்தனம்?

வெப்பக் கணக்கு வெறும் பாதிதான். மீதிப் பாதி, சீலிங்குக்கு மேல் இருட்டில் நடப்பது.

பழைய வீட்டில் கதவுக்கு மேலே, மெத்தையை ஒட்டி, ஒரு முழ அகலத்தில் சின்னச் சாளரம் இருக்கும். மேலே ஏறும் சூடான காற்று வெளியேற வைத்த வழி அது. பத்து, பதினொரு அடி உயரத்தில் இருந்த மெத்தைக்கு இரண்டு அடி கீழே சீலிங்கை இறக்கும்போது அந்தச் சாளரம் சீலிங்குக்கு மேலே போய்விடுகிறது. அறைக்குள்ளிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருந்த சுவடே இல்லை. வெப்பத்தைக் குறைக்கப் போட்ட சீலிங், அறையில் சூடான காற்று வெளியேறும் ஒரே வழியை அடைக்கிறது. ஃபேனும் கீழே இறங்குகிறது. பிறகு ஏ.சி. வாங்கச் சொல்லி அதே கடைக்காரர் யோசனை சொல்கிறார்.

அடுத்தது மழை. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. சுண்ணாம்பு மெத்தை மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் மேலும் கீழுமாக உலர்ந்துவிடும். நூறு ஆண்டு நின்ற ரகசியம் அதுதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்கத் தொடங்கும். திறந்த கட்டையில் ஐப்பசியில் ஏறிய ஈரம் தையில் இறங்கிவிடுகிறது. அடியில் பட்டை ஒட்டிய கட்டைக்குக் கீழ்ப்பக்கம் உலர வழியில்லை. முதலில் போவது நடுக்கட்டையல்ல. சுவருக்குள் சொருகியிருக்கும் கட்டை முனை. பாரம் முழுவதும் இறங்கும் இடம் அது. சுவர் ஈரமும் மெத்தை ஈரமும் சந்திக்கும் இடமும் அதுவே.

பிறகு கறையான். சுவர் மூலையிலிருந்து கட்டை முனைக்கு ஒரு மண் கோடு ஏறும். பென்சில் தடிமன்கூட இருக்காது. திறந்த மெத்தையில் பெருக்கும்போது யாராவது பார்த்து, "செல் ஏறுது பாருங்க" என்று சத்தம் போடுவார்கள். விளக்குமாற்றால் தட்டி, மருந்து அடித்தால் அன்றோடு முடிந்தது. சீலிங் போட்ட வீட்டில் அந்தக் கோட்டை யார் பார்ப்பது? தெர்மோகோல் கறையானுக்குத் தீனியல்ல, உண்மைதான். ஆனால் அதைக் குடைந்துகொண்டு போகும், உள்ளேயே தங்கும். இருட்டு, கதகதப்பு, அசைவில்லாத காற்று எல்லாம் நாமே செய்து கொடுத்தவை. வயல் சூழ்ந்த ஊரில் எலியும், எலியைத் தேடி வரும் பாம்பும் இந்த இடைவெளியை விட்டுவைப்பதில்லை.

ஒழுகலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திறந்த மெத்தையில் ஒரு சொட்டு விழுந்தால் அடியில் சொம்பை வைத்துவிட்டு, மழை விட்டதும் மேலே போய் விரிசலைத் தேடுவோம். சீலிங்குக்கு மேல் விழும் சொட்டு பட்டையில் தேங்கி, ஓடி, வேறெங்கோ கறையாகத் தெரியும்போது இரண்டு மழைக்காலம் கடந்திருக்கும். "ஒழுகுது, அசிங்கமா இருக்கு, அதனாலதான் சீலிங்" என்பவர்கள் நோயை மறைத்துவிட்டுக் குணமாகிவிட்டது என்கிறார்கள்.

மின்கம்பியும் இருக்கிறது. வீட்டு வயரின் பி.வி.சி. உறையில் அதை வளையச் செய்யும் ஒரு சேர்மானம் உண்டு. தெர்மோகோல் நேரடியாக ஒட்டியிருந்தால் அந்தச் சேர்மானம் மெல்ல அதற்குள் இழுபடும்; உறை விறைத்து வெடிப்பு விடும். பட்டைக்குள் புதைந்த கம்பியால் தன் சூட்டை வெளியே விடவும் முடியாது. மேலே காய்ந்த மரம், கீழே கரும்புகை விட்டு உருகிச் சொட்டி எரியும் தெர்மோகோல், நடுவே வெடித்த வயர். இதை ஞாயிற்றுக்கிழமை வேலை என்று சொல்லி விற்பது அநியாயம்.

"வெளிநாட்டில் மரத் தரைக்கு அடியில் எல்லோரும் இதைத்தானே செய்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறார்கள். பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டு வீடுகளில் மண்ணுக்கும் பலகைத் தரைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விட்டுக் கட்டியிருப்பார்கள். கட்டைகள் நனையாமல் இருக்க, வெளிச்சுவரில் துளைச் செங்கல் வைத்து அந்த வெற்றிடத்தில் காற்றோட விடுவார்கள். அந்தக் குளிர்காற்று பலகைச் சந்தில் ஏறி வீட்டைச் சில்லிட வைக்கிறது. ஆகவே கட்டைகளுக்கு இடையே வலை கட்டி, அதில் கம்பளி போன்ற பஞ்சை நிரப்புகிறார்கள். அங்கே எதிரி குளிர், அது கீழிருந்து வருகிறது, தடுப்பும் கீழே. நமக்கு எதிரி வெயில். அது மேலிருந்து வருகிறது. அவர்கள் வேலையைக் காப்பியடிப்பவர்கள் அவர்கள் திசையையும் சேர்த்துக் காப்பியடிக்கக் கூடாது.

அங்கேயும் முதல் பாடம் என்ன தெரியுமா? துளைச் செங்கல்லை அடைக்காதே, கட்டைக்கு அடியில் காற்று ஓடட்டும் என்பதுதான். அதை மீறி, மரக்கூரையின் அடியில் நுரையைப் பீய்ச்சி ஒட்டிக்கொண்ட வீடுகள் அங்கே உண்டு. மரம் கண்ணுக்குத் தெரியாததால் அதன் நிலையைச் சோதிக்க முடியவில்லை; அப்படிப்பட்ட வீடுகளுக்கு அடமானக் கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன, தயங்குகின்றன. பணம் செலவழித்து ஒட்டியதை மறுபடி பணம் செலவழித்துச் சுரண்டி எடுக்கிறார்கள். மூடிய மரத்தை யாரும் நம்புவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? எல்லாமே வீட்டுக்காரர் கையால் செய்யக்கூடியவை.

முதல் வேலை பரிசோதனை. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவரில் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல கட்டை கணீரென்னும், உளுத்தது பொத்தென்று கேட்கும். முனையை அழுத்தினால் கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டை உங்கள் வேலையல்ல. முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய கட்டை வேலை தெரிந்த ஆசாரியைக் கூப்பிடுங்கள். மற்றவற்றின் முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். பூச்சியும் ஈரமும் அண்டாது. பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

இரண்டாவது, மேல்தளம். மதில் ஓரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். தண்ணீர் போகும் குழாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டும் அடையுங்கள். சிமென்ட் அதனோடு சேர்ந்து அசையாது, ஓரத்தில் விட்டுக்கொண்டு தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும்.

மூன்றாவது, வெள்ளை. கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். இரும்பு டிரம் நல்லது, பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு இரவாவது ஊறிய பிறகு துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பும் சோற்றுக் கஞ்சியும் சேர்த்து, தளத்தை நனைத்துவிட்டு, சாயங்காலத்தில் தண்ணிப் பதத்தில் இரண்டு மூன்று கை அடியுங்கள். கெட்டியாக ஒரே கை அடித்தால் பொரிந்து உதிரும். ஒரு மழைக்காலம் போனால் வெளுப்பு குறையும். ஆகவே ஆண்டுதோறும், மாசியில், கத்திரி வெயிலுக்கு முன் அடிக்க வேண்டும். சீலிங் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

நான்காவது, நிழல். மெத்தைக்கு மேலே ஆளுயரத்தில் கீற்றுப் பந்தலோ, பச்சை வலையோ, பீர்க்கங்கொடியோ. தளத்துக்கும் நிழலுக்கும் நடுவே காற்று போக வேண்டும், அது முக்கியம். அடுப்பும் பட்டாசும் பக்கத்தில் இருந்தால் கீற்றைத் தவிர்த்து வலையே போடுங்கள். ஐந்தாவதாக, அந்த மேல் சாளரத்தை அடைத்திருக்கும் அட்டையையும் பழைய துணியையும் எடுத்துவிடுங்கள், கொசுவலை அடித்துக்கொள்ளலாம். இரவில் அதைத் திறந்து வைப்பதற்கு ஈடான ஃபேன் கிடையாது.

இது ஏதோ பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்வதல்ல. 2023-இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் சாரம் வெயிலைத் திருப்பி அனுப்பும் மேல்தளம். அகமதாபாத் நகரம் தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தின்கீழ் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடித்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு அதை எந்தப் பக்கத்தில் தடுப்பது என்பதில் குழப்பம் கூடாது.

இனி 'இடித்துவிடு' கட்சி. குடிசையில் இருப்பவருக்குக் கான்கிரீட் வீடு கிடைப்பது பெரிய விடுதலை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டை நன்றாக இருக்கும் மெத்தையை இடித்து நாலைந்து அங்குலக் கான்கிரீட் போடுகிறவர் என்ன வாங்குகிறார்? கனம் பாதி, வெப்பத்தைக் கடத்துவது இரண்டு மடங்குக்கு மேல். புதுத் தளத்துக்கு மேல் மறுபடி செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடாவிட்டால் வீடு அடுப்பாகிவிடும் என்று அதே மேஸ்திரி சொல்வார், சரியாகவே சொல்வார். அதாவது, இடித்ததில் பாதியைத் திரும்பக் கட்டச் சொல்கிறார். போன கட்டை போனதுதான். பனையை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். பழைய தேக்கின் தரம் புதிய மரக்கடையில் கிடைப்பதில்லை.

நடுவழிக்காரர்களும் இருக்கிறார்கள்: "இடிக்க வேணாம், மேல ரெண்டு அங்குலம் கான்கிரீட் கொட்டிடலாம்." கணக்கைப் பாருங்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுரத்துக்கு 1,100 கிலோவுக்கு மேல் எடை. பத்துக்குப் பதினைந்து அடி அறை என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது. அந்தக் காலத்து ஆசாரி இந்தப் பாரத்துக்குக் கட்டை பார்த்து வைக்கவில்லை. ஒரு தட்டுக் கலவை ஏற்றுவதற்கு முன் கட்டையைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லாத எவரையும் மெத்தை மேல் ஏற விடாதீர்கள்.

கடைசியாக ஒரு ஆட்சேபம் மிச்சம். வருஷா வருஷம் வெள்ளையடிக்க யாருக்கு நேரம்? சீலிங் ஒரு தடவை வேலை. இதற்கு என் பதில் சுருக்கமானது. ஆண்டுக்கு ஒரு சாயங்காலம் மெத்தை மேல் ஏறுபவர் வெள்ளை மட்டும் அடிப்பதில்லை. விரிசலையும் பார்க்கிறார், அரசங்கன்றையும் பார்க்கிறார், தண்ணீர் போகும் வழியையும் பார்க்கிறார். மெத்தை இத்தனை காலம் நின்றது அந்தப் பார்வையால். ஒரு தடவை மூடிவிட்டு மறக்கச் சொல்லும் எந்தப் பொருளும் மர வீட்டுக்கு நட்பல்ல.

ஏற்கெனவே சீலிங் போட்டவர்கள் பதற வேண்டாம். சுவரை ஒட்டிய ஒரு வரிசைப் பட்டையை மட்டும் இந்த வாரம் கழற்றி, கட்டை முனைகளைப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு வயரைப் பாருங்கள். நன்றாக இருந்தால் அந்த வரிசையை அப்படியே திறந்து விடுங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம். இன்னும் போடாதவர்கள் அந்தப் பணத்தில் சுண்ணாம்பும் ஒரு நல்ல ஏணியும் வாங்குங்கள். மிச்சத்துக்குப் பந்தல் போடுங்கள்.